இங்கிலாந்துச் சிற்றூர்களில் குடிவழி தேடுதல்

தந்தையின் பெயரை எல்லோரும் அறிவோம். பாட்டனார் பெயரையும் பெரும்பாலோர் அறிவோம்; பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் அதற்கு உதவுகிறது. பாட்டனாரின் பாட்டனார் யார் என்று கேட்டாலோ நம்மில் பலர் வாய் திறக்கமாட்டோம். மன்னர்க்கும் ஜமீன்தார்க்கும் குடிவழிப் பட்டியல் உண்டு. ஏர் உழுதவனுக்கு ஏது?

இக்கேள்விக்கு இங்கிலாந்தில் கிடைக்கும் விடை வியப்பிற்குரியது. அங்கே கூலிக்கு உழுத ஒருவனின் வழித்தோன்றல், பொறுமையும் சிறிது நல்லூழும் இருந்தால், தன் முன்னோரை நானூறு ஆண்டுகள் வரையிலும் பெயர் சொல்லித் தொடர்ந்து செல்ல முடிகிறது. அது எவ்வாறு முடிகிறது, எங்கே அறுந்து போகிறது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பனவே இக்கட்டுரையின் பொருள். விஞ்ஞானம் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கிடைத்த சான்றிலிருந்து கிடைக்காததை ஊகிப்பதும், அந்த ஊகத்தை வேறொரு சான்றில் உரைத்துப் பார்ப்பதுமே இத்தொழில் முழுவதும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் அதுதானே!

ஆங்கில நாட்டுச் சிற்றூர் வாழ்க்கைக்குப் 'பாரிஷ்' என்பதே அடிப்படை. நம் நாட்டுக் கிறித்தவர்கள் 'பங்கு' என்றும் 'சேகரம்' என்றும் சொல்வார்களே, அதுதான். ஒரு கோயில், அதற்கு ஒரு பாதிரியார், அதைச் சுற்றி ஓர் ஊரோ சில ஊர்களோ சேர்ந்தது ஒரு பாரிஷ். எட்டாம் ஹென்றியின் அமைச்சராகிய தாமஸ் கிராம்வெல் 1538 செப்டம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு பதிவேடு வைக்கவேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமையில் அதில் எழுதவேண்டும். ஏட்டை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைத்து, ஒரு சாவியைப் பாதிரியாரும் மற்றொன்றைக் கோயிற் பொறுப்பாளரும் வைத்துக்கொள்ளவேண்டும். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்னி அபராதம். இது புதிய வரிக்கு முன்னேற்பாடு என்று குடிமக்கள் பலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது. 245 ஆண்டுகள் கழித்து, 1783-இல், ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்னி வரி உண்மையாகவே வந்தது! ஏழைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே அந்த வரி நீக்கப்பட்ட 1794 வரையில் பல பாரிஷ்களில் ஏழைகளின் தொகை திடீரெனப் பெருகிக் காண்கிறது. அக்காலத்து ஏட்டில் 'ஏழை' என்ற குறியைக் கண்டவுடன் முன்னோரின் வறுமைக்கு இரங்கிவிடக் கூடாது.

தொடக்ககால ஏடுகள் பெரும்பாலும் காகிதத்தில் எழுதப்பட்டன. ஈரத்திலும் எலிவாயிலும் பல அழிந்தன. 1597-98-இல் இனித் தோலேட்டில்தான் எழுதவேண்டும், பழையவற்றையும் அதில் படியெடுக்கவேண்டும் என்று விதித்தார்கள். ஆண்டுதோறும் ஒரு படியை மேற்றிராணியாருக்கு அனுப்பவேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது விதியே பின்னால் பலரைக் காப்பாற்றியது. ஊரில் ஏடு அழிந்திருந்தாலும் மேற்றிராணியார் அலுவலகப் படி சில இடங்களில் பிழைத்திருக்கிறது. இரண்டும் இருக்குமிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால் பெயர்கள் வேறுபடுவதையும் காணலாம். ஸ்ட்ராட்போர்டு ஊர்ப் பதிவேட்டில் ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26 என்று இருக்கிறதே, அதுவும் 1600-ஐ ஒட்டி எடுக்கப்பட்ட படிதான். ஏப்ரல் 23 என்று உலகம் கொண்டாடும் பிறந்தநாள் எந்த ஏட்டிலும் இல்லை. ஞானஸ்நான நாளிலிருந்து மூன்று நாள் பின்னோக்கி ஊகித்தது அது. பிறப்பு வேறு, ஞானஸ்நானம் வேறு என்பது இத்துறையில் நுழைபவன் கற்கவேண்டிய முதல் பாடம்.

இரண்டாவது பாடம் நாட்காட்டி. இதற்கு நம் துறையைச் சேர்ந்த ஒருவரையே சான்றாகக் கொள்வோம். ஐசக் நியூட்டன் லிங்கன்ஷயர் கவுண்டியில் ஊல்ஸ்தார்ப் என்னும் சிற்றூரில், சொந்த நிலம் வைத்து உழுத குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்திலுள்ள கோல்ஸ்டர்வொர்த் கோயிலில் அவருக்கு ஜனவரி 1-இல் ஞானஸ்நானம் நடந்தது. பிறந்தது அதற்கு ஒரு வாரம் முன், 1642 டிசம்பர் 25. ஞானஸ்நானம் எந்த ஆண்டு? 1643 என்று நாம் சொல்வோம். அந்நாளைய இங்கிலாந்திலோ சட்டப்படி ஆண்டு பிறப்பது மார்ச் 25-ஆம் நாள். ஆகவே அவர்கள் கணக்கில் அந்த ஜனவரியும் 1642-ஐச் சேர்ந்ததுதான். இது தெரியாதவன் ஏட்டைப் பார்த்தால், 1642 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை 1642 டிசம்பரில் எப்படிப் பிறந்தது என்று திகைத்து நிற்பான். அதோடு முடிந்ததா? ஐரோப்பாவின் பல நாடுகள் 1582 முதல் கிரிகோரியன் நாட்காட்டியை மேற்கொண்டிருக்க, இங்கிலாந்து பத்து நாள் பின்தங்கி நின்றது. புதிய கணக்கில் நியூட்டன் பிறந்தநாள் 1643 ஜனவரி 4. கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று பாடப்புத்தகங்களில் படித்து நாமெல்லாம் மகிழ்ந்திருக்கிறோம். கலிலியோவுக்கு ஒரு நாட்காட்டியும் நியூட்டனுக்கு வேறொன்றும் வைத்துக்கொண்டால்தான் அந்தப் பொருத்தம் நிற்கும். 1752-இல் இங்கிலாந்தும் மாறிற்று: ஆண்டு ஜனவரி 1-இல் தொடங்கியது, அந்தச் செப்டம்பரில் 2-ஆம் நாளுக்கு அடுத்த நாள் 14.

நியூட்டன் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் தந்தையார் பெயரும் ஐசக் நியூட்டன்தான். மகன் பிறப்பதற்கு முன்பே, 1642 அக்டோபரில் அவர் இறந்துவிட்டார். அவர் எழுதிவைத்த உயில் கிடைத்திருக்கிறது. அதில் அவர் கையெழுத்து இல்லை, கைக்குறிதான் இருக்கிறது. புவியீர்ப்பு விதியை எழுதிய கையின் தந்தைக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது! இச்செய்தியை நமக்குச் சொன்னது எந்த வரலாற்றாசிரியரின் கற்பனையுமன்று. ஒரு குடியானவர் குடும்பத்துப் பழைய உயில்.

இனித் தேடும் முறையைப் பார்ப்போம். புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து நம்மை நோக்கி இறங்கிவர முயல்வது பயனற்றது. தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கி ஏறவேண்டும். 1837 ஜூலை 1 முதல் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிவு செய்து வருகிறது. திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவருடைய தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கு 1801 முதல் பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்பட்டபோதிலும், நாடு முழுவதும் ஆட்களின் பெயர்களைக் குறித்தது 1841 முதல்தான். அந்தக் கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி சொல்லியிருந்தார்கள். 39 வயதினர் 35 ஆகிவிடுவார். 1851 கணக்கு மேலானது. சரியான வயதும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும், எந்தப் பாரிஷில் பிறந்தவர் என்பதும் அதில் உண்டு. அந்தப் 'பிறந்த பாரிஷ்' என்னும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 1837-க்கு முந்திய உலகத்துக்குள் நுழைகிறோம்.

நுழைந்தவுடன் தொல்லை தொடங்குகிறது. ஜான் என்பவனை நாம் தேடுவதாக வைத்துக்கொள்வோம். 1851-இல் அவனுக்கு வயது 50. அவன் சொன்ன ஊரின் ஏட்டில் 1801-ஐ ஒட்டி அதே பெயரில் இரண்டு ஜான்கள் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். ஒருவன் தந்தை வில்லியம், மற்றொருவன் தந்தை தாமஸ். எவன் நம்மவன்? ஆங்கிலச் சிற்றூர்களில் ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத், ஆன் என்று விரல்விட்டு எண்ணத்தக்க பெயர்களே ஊரில் பாதிக்குமேல் அடைத்துக்கொள்ளும். முதற் குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை இடுவதும் வழக்கம். அவசரக்காரன் தனக்குப் பிடித்த ஜானை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறான். அங்கிருந்து அவன் தேடிச் சேர்ப்பதெல்லாம் வேறொருவர் வீட்டு முன்னோர்!

முறையறிந்தவன் அவ்வாறு செய்யான். முதலில் அடக்க ஏட்டைப் புரட்டுவான். இரண்டு ஜான்களில் ஒருவன் மூன்று வயதிலேயே மண்ணுக்குப் போயிருக்கலாம். இருவரும் வளர்ந்திருந்தால் இருவருக்கும் திருமணம் எங்கே நடந்தது, பிள்ளைகளுக்கு என்ன பெயர், சாட்சி யார் என்று பார்ப்பான். 1754 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்த ஹார்டுவிக் பிரபுவின் திருமணச் சட்டம் இவ்விடத்தில் பேருதவி செய்கிறது. அதன்பின் குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்றெல்லோரும் பாரிஷ் கோயிலிலேயே மணம் செய்யவேண்டியதாயிற்று. மணமக்களும் சாட்சிகளும் ஏட்டில் கையெழுத்தோ கைக்குறியோ இடவேண்டும். ஒரு ஜான் அழகாகக் கையெழுத்திட்டும் மற்றவன் பெருக்கற்குறி இட்டும் இருந்தால் இரண்டு ஆட்களைப் பிரித்துவிடலாம். 1813 முதல் அச்சிட்ட ஏடுகள் வந்தன. ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும் சேர்ந்தன. அதற்கு முற்பட்ட பதிவுகளில் பாதிரியார் நல்லவராயிருந்தால் நாலு வார்த்தை அதிகம். சோம்பேறியாயிருந்தால் தாயின் பெயர்கூட இராது. 1640-களின் உள்நாட்டுப் போர் முதல் 1660 வரையில் பல ஏடுகளில் பெரும் இடைவெளிகள் உண்டு. அங்கே பல குடிவழிகள் அறுந்துபோகின்றன.

குடும்பப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்க்கு அது கிடையாது. இங்கே வடபுலத்தில் ஒவ்வொரு விண்ணப்பத் தாளிலும் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் நாம் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதித் தப்பித்துக்கொள்கிறோம். ஆங்கிலேயர்க்கு அது பல நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதால்தான் இந்தத் தேடலே இயலுகிறது. ஆனால் எழுத்து நிலைத்ததன்று. எழுதத் தெரியாதவன் தன் பெயரைச் சொல்வான். காதில் விழுந்தபடி பாதிரியார் எழுதுவார். ஒரே மனிதன் பெயர் மூன்று ஏட்டில் மூன்று விதமாக இருப்பது இயல்பு. எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் ஏற்பேன் என்பவனுக்கு இத்துறை ஒத்துவராது.

கோயிற் பெட்டியில் பதிவேடு மட்டும் இருக்கவில்லை. இனிச் சொல்லப்போகும் தாள்களே, என் கருத்தில், அப்பெட்டியின் உண்மையான செல்வம். 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்றவேண்டும். அதற்கு ஊரில் வரி வாங்கவேண்டும். அப்படியானால் 'தன்' ஏழை யார்? 1662-இல் குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொருவருக்கும் சட்டப்படி ஒரு பாரிஷ் உண்டு. வேறு பாரிஷில் வந்து தங்கி, நாளை உதவிக்குக் கை நீட்டுவான் என்று தோன்றினால், இரண்டு நீதிபதிகள் ஆணையிட்டு அவனைச் சொந்தப் பாரிஷுக்குத் துரத்தலாம். எது சொந்தப் பாரிஷ் என்று முடிவு செய்ய அவனை நிறுத்திச் சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய்? தந்தை எவ்வூர்? யாரிடம் தொழில் பழகினாய்? மணமாகாதிருந்தபோது யாரிடமாவது ஓராண்டு முழுவதும் வேலை செய்தாயா? ஆண்டுக்கு 10 பவுன் வாடகையில் எங்காவது குடியிருந்தாயா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு கூலியாள் சொன்ன விடைகளை எழுதி வைத்தார்கள். தன் பெயரை எழுதத் தெரியாத ஒருவனின் வாழ்க்கை வரலாறு, அவன் வாய்மொழியாகவே, இரண்டு பக்கத்தில் நமக்குக் கிடைக்கிறது!

ஆனால் அது எழுதப்பட்ட காரணத்தை மறந்துவிடலாகாது. ஓராண்டு முழுவதும் வேலை செய்தவனுக்கு உரிமை பிறந்துவிடும் என்பதால், ஆண்டு நிறையச் சில நாட்கள் இருக்கும்போதே வேலையை முடித்து அனுப்பிவிட்ட பண்ணைக்காரர்கள் உண்டு. இதைவிடக் கொடியது கருவுற்ற பெண்களின் நிலை. மணமாகாத பெண்ணின் குழந்தை பிறந்த பாரிஷே அக்குழந்தையின் பாரிஷ் என்பது நெடுங்காலம் விதியாயிருந்தது. ஆகவே நிறைசூலியை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதற்கு ஊரதிகாரிகள் விரைந்தார்கள். வண்டிக் கூலிக்கு இவ்வளவு என்று பாரிஷ் கணக்கில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். குழந்தையின் தந்தை இன்னான் என்று தெரிந்தால் அவனிடம் பணம் கட்ட உறுதிப்பத்திரம் வாங்கினார்கள். ஞானஸ்நான ஏட்டில் தந்தை பெயர் இல்லாமல் நின்ற குழந்தைக்கு, அந்தப் பத்திரத்தில் தந்தை கிடைப்பான். இரக்கத்தால் எழுதப்பட்டதன்று அது. வரிப்பணத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது. இன்று ஒரு குடும்பத்தின் அறுந்த இழை அதனால்தான் இணைகிறது.

இதிலிருந்து ஒரு விந்தை புலப்படும். சொத்துள்ளவன் உயில் எழுதினான், அகப்படுகிறான். ஒன்றுமில்லாதவன் உதவி கேட்டான், விசாரிக்கப்பட்டான்; அவனும் அகப்படுகிறான். சொத்தும் இல்லாமல், யாரிடமும் கையேந்தாமல், வம்பு வழக்குக்கும் போகாமல் வாழ்ந்து மறைந்த நடுத்தரக் குடியானவனே நமக்கு அகப்படாமல் நழுவிவிடுகிறான்.

நில ஆவணங்களையும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். 'மேனர்' எனப்படும் பண்ணையின் மன்றச் சுருள்களில், தந்தை இறந்தபின் மகன் நிலத்தை ஏற்றுக்கொண்ட செய்தி எழுதப்பட்டிருக்கும்; 1538-க்கு அப்பாலும் ஒரு குடியானவர் குடும்பத்தைக் கொண்டுசெல்லக்கூடியது இதுவே. கோயிலுக்குத் தரும் தசமபாகத்தைப் பணமாக மாற்றிய 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்த பெரிய வரைபடங்களில், எந்த வயல் யாருடையது, அதை யார் உழுதார், வயலின் பெயர் என்ன என்பன எல்லாம் உண்டு. உயில்கள் 1858 வரையில் கோயில் மன்றங்களில் உறுதி செய்யப்பட்டன. அதன்பின் அரசாங்க மன்றத்தில்.

குடும்பப் பெருமைக்காக மட்டுமே இவ்வேடுகள் பயன்பட்டன என்று எண்ண வேண்டா. 1964-இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட், ரிக்லி ஆகியோர் தொடங்கிய ஆராய்ச்சிக் குழு, பாரிஷ் ஏடுகளிலிருந்து பண்டை இங்கிலாந்தின் மக்கள்தொகையைக் கணக்கிட முனைந்தது. பிரெஞ்சு அறிஞர் லூயி ஆன்றி வகுத்த முறையில், டெவன் கவுண்டியைச் சேர்ந்த காலிட்டன் என்னும் ஊரின் குடும்பங்களை ரிக்லி ஒவ்வொன்றாகக் கோத்துக் காட்டினார். அந்நாளில் எல்லோரும் சிறுவயதிலேயே மணந்தார்கள் என்ற எண்ணம் அதில் உடைந்தது. 1647 முதல் 1719 வரையில் அவ்வூர்ப் பெண்கள் முதன்முறை மணந்த சராசரி வயது 30-ஐ ஒட்டி இருந்தது. அதற்கு முன்பு 1645-46-இல் கொள்ளைநோய் வந்து ஊர்மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுபோயிருந்தது. 1981-இல் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 பாரிஷ்களின் பதிவுகளைக் கொண்டு 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை வெளியிட்டனர். உயிரியல் மாணவர்கள் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆட்மூர் சிற்றூர்களைப் பற்றிய ஆய்வைத் தேடிப் படிக்கலாம். ஹாரிசனும் உடன் உழைத்தோரும் 1960-களில் அவ்வூர்த் திருமணப் பதிவுகளைக் கொண்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த தொலைவு காலப்போக்கில் எவ்வாறு மாறிற்று என்று அளந்தார்கள். ஜீன்கள் ஊர்விட்டு ஊர் செல்லும் வேகத்தை அளக்கக் கல்யாண ஏடு கருவியாயிற்று!

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். தலைமுறைக்கு 30 ஆண்டு எனக் கொண்டால் 1538 முதல் இன்று வரை ஏறத்தாழ 16 தலைமுறை. பதினாறாம் தலைமுறையில் ஒருவருக்கு 65,536 முன்னோர் இடங்கள். சில நூறு பேரே வாழ்ந்த ஊரில் மணம் பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே முடிந்ததென்றால், ஒரே ஆள் பல இடங்களில் அமர்ந்திருக்கவேண்டும். ஆகவே குடிவழி மரம் என்பது மேலே செல்லச் செல்ல விரிந்துகொண்டே போகும் மரமன்று. ஓரிடத்தில் விழுதுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

ஏடு சொல்வதெல்லாம் இரத்த உறவு என்று கொள்வதும் தவறு. லெஸ்டர் நகரில் 2012-இல் தோண்டியெடுத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்டு மன்னருடையவை என்று 2014-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தாய்வழி டி.என்.ஏ., அவர் தமக்கையின் வழித்தோன்றல்களோடு பொருந்திற்று. தந்தைவழி ஒய் குரோமோசோமோ, ஏட்டின்படி உறவினராகவேண்டியவர்களோடு பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் ஏட்டில் எழுதிய தந்தை வேறு, பெற்ற தந்தை வேறு. அரச குடும்பத்துக்கே இந்நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா? பதிவேடு சொல்வது ஊரார் முன் ஒப்புக்கொள்ளப்பட்ட உறவை. அதற்குமேல் அதனிடம் கேட்கக்கூடாது.

முன்பு இவ்வேடுகளைப் பார்க்க ஊரூராய்ச் சென்று பாதிரியாரின் தயவை நாடவேண்டியிருந்தது. 1978-இல் இயற்றிய விதிப்படி பழைய ஏடுகள் பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகங்களுக்குச் சென்றுவிட்டன. இன்று பலவற்றின் நிழற்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தொண்டர்கள் படியெடுத்துக் கட்டணமின்றி வழங்கும் 'ஃப்ரீரெக்' போன்ற அட்டவணைகளும் உண்டு. விடுதியறையில் இருந்தபடியே பார்க்கலாம். அட்டவணை என்பது வழிகாட்டிப் பலகைதான். மூல ஏட்டின் படத்தைக் கண்ணால் காணும் வரையில் எதையும் குறித்துக்கொள்ளாதிருப்பது நல்லது. பிறர் கட்டிவைத்த மரங்களை அப்படியே பெயர்த்து நடுவது, பரீட்சையில் பக்கத்து மாணவன் தாளைப் பார்த்து எழுதுவது போன்றதே. அவனும் வேறொருவனைப் பார்த்து எழுதியிருப்பான்!

இங்கிலாந்துச் சிற்றூரில் அறுந்த இழை ஒன்று சில வேளைகளில் நம் சென்னையில் வந்து முடிவதும் உண்டு. ஷ்ராப்ஷயரில் மோர்ட்டன் சே என்னும் சிற்றூர்ப் பகுதியில் 1725-இல் பிறந்த ராபர்ட் கிளைவ், 1774-இல் அவ்வூர்க் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் திருமணத்தை அவ்வூர் ஏட்டில் தேடினால் கிடைக்காது. 1753-இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி கோயிலில் அது நடந்தது. 1680-இல் அர்ப்பணிக்கப்பட்ட அக்கோயிலில் தொடங்கி, மாகாணத்துக் கோயில்களின் பதிவுகள் 1698 முதல் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கிளைவைப் போன்றோர் சிலரே. கும்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து ஊரைவிட்டுப் போய் மறைந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அதில் அகப்படுகிறார்கள்.

சிப்பாய்கள் நாட்டுப் பெண்களை மணப்பதைக் கும்பெனி இயக்குநர்களே 1680-களில் ஊக்கப்படுத்தினார்கள். அம்மணங்களிலும், மணமின்றியும் பிறந்த குழந்தைகளின் ஞானஸ்நானங்கள் அந்த ஏடுகளில் வரிசையாக உள்ளன. தந்தையின் பெயரும் பட்டாளமும் எழுதியிருக்கும். தாயின் இடத்தில் பல பதிவுகளில் ஒன்றும் இராது. சிலவற்றில் ஞானஸ்நானத்தின்போது இட்ட மேரி, ஆன் என்ற புதுப்பெயர் மட்டும் இருக்கும். யார்க்ஷயரிலோ டெவனிலோ இருந்து தேடிவரும் பேரப்பிள்ளை தந்தைவழியில் இருநூறு ஆண்டு ஏறிவிடுகிறான். தாய்வழியில் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறான். அப்பெண்ணுக்கு அவள் பெற்றோர் இட்டு அழைத்த பெயர் என்ன, எந்தத் தெருவிலிருந்து வந்தாள் என்பதை அந்த ஏட்டில் யாரும் எழுதவில்லை.